படிக்கு இந்தப் பக்கம்

ரமலான் 20, திங்கள்

மாலை அஸர் தொழுததும் பெட்டி படுக்கையோடு பள்ளிவாசலுக்குள் வந்துவிட்டேன். இனி பெருநாள் பிறை தெரியும்வரை வெளியே கால் வைப்பதில்லை. ரமலானின் கடைசிப் பத்து நாள் பள்ளிக்குள்ளேயே தங்கி வணங்குவதுதான் இஃதிகாப். பள்ளியைச் சுற்றியுள்ள மஹல்லாவில் ஒருவராவது இப்படி இருந்தாக வேண்டும். ஒருவருமே இல்லையென்றால் மொத்த மஹல்லாவும் குற்றவாளி. நானூற்றுப் பத்துக் குடும்பம் இருக்கிற எங்கள் மஹல்லாவில் பதினொரு வருடமாக அந்த ஒருவர் நான்தான். மற்றவர்களுக்குக் கடைசிப் பத்தில்தான் கடைவீதிக்குப் போய்த் துணி எடுக்க வேண்டியிருக்கிறது.

வந்தவுடன் டேப் பிடித்து எல்லையை அளந்தேன். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவனுக்கு உத்தேசமாகச் சொல்வது பிடிக்காது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூச் செய்யும் இடமும் செருப்பு விடும் இடமும் பள்ளியில் சேராது. பக்கவாசலில் நிலைப்படியோடு பள்ளி முடிகிறது. அதற்கு வெளியே இருக்கும் மூன்று படிகளும் தெருவைச் சேர்ந்தவை. சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

"கோடு எதுக்கு சர்வேயரய்யா, எல்லாருக்கும் தெரிஞ்ச வாசல்தான" என்று ஹஜ்ரத் சிரித்தார். நம் இமாமுக்கு வயது இருபத்தெட்டு. எதற்கும் சிரிப்பு.

இந்த வருடம் எனக்கு ஒரு துணையும் வாய்த்திருக்கிறது. இத்ரீஸ். திராட்சை லோடு அடிக்கிற மினி வேன் டிரைவர். தலையணை இரண்டு, மொபைல் ஒன்று, தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில், பொட்டலம் பொட்டலமாகப் பேரீச்சம்பழம். சுற்றுலா போகிறவன்கூட இதைவிடக் கொஞ்சமாகத்தான் கட்டுவான்.

ரமலான் 21, செவ்வாய்

இத்ரீஸ் விடியற்காலை பஜர் தொழுதுவிட்டு ஒன்பது மணிவரை தூங்கினான். குறட்டை இமாம் நிற்கும் மிஹ்ராப் வரைக்கும் கேட்டது. எழுந்து பெண்டாட்டிக்குப் போன் போட்டு, "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா" என்று கேட்டான். பிறகு ஒரு பக்கம் ஓதினான், விரல் வைத்து, எழுத்துக் கூட்டி. நான் அதற்குள் குர்ஆனின் முப்பது பாகத்தில் நான்கு ஜுஸ்உ முடித்திருந்தேன்.

என் மனைவி சபுரா அஸருக்குப் பிறகு பக்கவாசலுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நோன்பு திறக்கக் கஞ்சி, விடியுமுன் ஸஹருக்குச் சோறும் குழம்பும், எல்லாம் ஒரே தூக்குச்சட்டி அடுக்கில். நான் கோட்டுக்கு உள்ளே நின்றபடி கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டேன். கை வெளியே போனால் இஃதிகாப் முறியாது. சட்டம் தெரிந்தவனுக்குச் சங்கடமில்லை.

கஞ்சியில் உப்பே இல்லை. முப்பது வருடமாகக் கஞ்சி காய்ச்சுகிறாள்.

ரமலான் 22, புதன்

சபுரா இன்று சலாம்கூடச் சொல்லாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் நாலு பேர் போகிற இடம். எழுந்திரு என்றேன்.

"செத்த நேரங்க. கையி கிடுகிடுன்னு வருது" என்றாள்.

நோன்பு வைத்தால் கை நடுங்கத்தான் செய்யும், அதற்குத்தான் நோன்பு என்றேன்.

இவளுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சுகர். ரமலானுக்கு முன் டாக்டர் ரிஸ்வானாவிடம் கூட்டிப்போனபோது அந்த அம்மாள், "இவங்க நோன்பு வைக்கக் கூடாதுங்க. மார்க்கத்துலயே இடமிருக்கு. ஒரு நோன்புக்கு ஒரு ஏழைன்னு ஃபித்யாவா சாப்பாடு குடுத்துருங்க" என்றார். முக்காட்டைச் சரியாகப் போடத் தெரியாதவர் எனக்கு மார்க்கம் சொல்கிறார். படுக்கையை விட்டு எழமுடியாதவர்களுக்கு உண்டான சலுகை அது. சபுரா எழுந்து நடமாடுகிறாள், இரண்டு வேளைச் சமையல் செய்கிறாள், பள்ளிக்கு நடந்து வருகிறாள். சலுகை என்று ஒன்றைத் திறந்துவிட்டால் ஊரே அந்த வழியாகத்தான் போகும். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் இதைச் சொன்னேன். சரிங்க என்றாள். அவள் எதற்கும் சரிங்கதான்.

ரமலான் 23, வியாழன்

கஞ்சியில் உப்புக்குப் பதில் சீனி.

இத்ரீஸ் வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, "பாயாசம்னு நெனச்சுக்கங்கண்ணே" என்றான். பிறகு தன் வீட்டுக் கஞ்சியைப் பாதி எனக்கு ஊற்றினான். நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு, "மதினிக்கு ஒடம்பு செரியில்லையாண்ணே? நேத்துப் படியில உக்காந்துருந்தாகளே. என் வீட்ல ரஹ்மத்து ரெண்டு பேத்துக்கும் சேத்துப் பொங்கிருவா. நாளையிலருந்து மதினி வர வேணாம்னு சொல்லிவிடவா" என்றான்.

இஃதிகாபில் இருக்கிறவன் அடுத்த வீட்டுப் பெண்ணின் உடம்பைப் பற்றி யோசிக்கிறான். இவன் மனம் எங்கெல்லாம் மேய்கிறது பாருங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுச் சோறு எனக்கு வரும்.

ரமலான் 24, வெள்ளி

ஜும்ஆ. ஹஜ்ரத்தின் பயான் உரை இன்று நடுநிலை பற்றி. உடம்புக்கு உங்கள்மேல் ஹக்கு, அதாவது உரிமை, இருக்கிறதாம், கண்ணுக்கு ஹக்கு இருக்கிறதாம், மனைவிக்கு ஹக்கு இருக்கிறதாம். எல்லாவற்றுக்கும் அதனதன் ஹக்கைக் கொடுத்தால்தான் மார்க்கமாம். எனக்கு ஒன்றும் புதிதல்ல, அவர் பிறப்பதற்கு முன்பே கேட்டவன் நான். ஆனால் கடைசிப் பத்தில், ஊரே நரக விடுதலை கேட்டு அழ வேண்டிய நேரத்தில், இதையா எடுத்து வைப்பது? முன்வரிசையில் பிரியாணிக்கடை அன்சாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அவன் கண்ணுக்கும் வயிற்றுக்கும் ஒரு நாளும் ஹக்கில் குறை வைத்ததில்லை.

தொழுகைக்குப் பிறகு ஹஜ்ரத் நான் தங்குவதற்கு மறைத்துக் கட்டிய திரைப் பக்கம் வந்து உட்கார்ந்தார். "ஐயா, நபிநாயகம் இஃதிகாப்ல இருக்கையில தலைய மட்டும் வெளிய நீட்டுவாங்க. அவங்க மனைவி ஆயிஷா நாயகி இந்தப் பக்கம் இருந்து சீவி விடுவாங்க. எனக்கு அந்த ஹதீஸ ரொம்பப் புடிக்கும்" என்றார்.

"தலையோ கையோ வெளியே போனால் முறியாது என்பதற்கு ஆதாரம் அது" என்றேன்.

"அதுக்கும் ஆதாரம்தான்" என்று சொல்லி அவர் எழுந்து போனார். பாதியில் பேச்சை விட்டுப் போவது இந்தக் காலத்து ஆலிம்களின் பழக்கம்.

ரமலான் 25, சனி

இன்று சபுரா தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். முகம் வெளுத்து, உதட்டுக்கு மேல் வியர்வை.

"என்னாங்க, ரெண்டு நாளைக்கு நோன்ப விட்டுக்கவா? பெறகு வேற நாள்ல வச்சுக் களா செஞ்சுக்கறேன். நேத்துப் பகல்ல அடுப்படியில அப்பிடியே கண்ணு இருட்டிருச்சு."

இருபத்தைந்து நோன்பு வைத்தவளுக்கு மிச்சம் இருப்பது நான்கோ ஐந்தோ. ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த இரவு அடுத்து வருகிறது. கரையைத் தொடும்போது கையை விடுவாயா என்று கேட்டேன். நான் பத்து நாள் வீடு வாசலை விட்டு இங்கே கிடக்கிறேன், உன்னால் நாலு நாள் வயிற்றைக் கட்ட முடியாதா என்றும் கேட்டேன்.

"சரிங்க" என்றாள்.

இத்ரீஸ் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. பள்ளிப் பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டே, "அண்ணே, தப்பா நெனைக்காதீக, என் அக்காவும் சுகர்லதான் போச்சு" என்றான். எழுத்துக் கூட்டி ஓதுகிறவன் ஃபத்வா கொடுக்க வந்துவிட்டான்.

ரமலான் 26, ஞாயிறு

இத்ரீஸின் இஃதிகாப் இன்று முறிந்துவிட்டது. சபுராவுக்கு உடல்நலம் சரியில்லை, தேனியில் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நான் பள்ளியில் இருக்கிறேன்.

ரமலான் 27, திங்கள்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைப்பது நல்லது. நாளை ஆளுக்கொரு கதை கட்டுவார்கள்.

அஸர் முடிந்து சரியாக ஐந்து பத்துக்குச் சபுரா பக்கவாசலுக்கு வந்தாள். இரண்டாவது படியில் கால் வைத்தவள் அப்படியே சாய்ந்தாள். நெற்றி படியின் விளிம்பில் பட்டது. விழுந்ததும் நினைவு தப்பிவிட்டது. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். உடனே குரல் கொடுத்தேன். இத்ரீஸ் ஓடி வந்தான். அவன் மனைவி ரஹ்மத்தும் அந்த நேரம் சாப்பாட்டோடு வந்தவள், சபுராவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இத்ரீஸ் கோட்டின் மேல் நின்று என்னைப் பார்த்தான். "நீங்க போங்கண்ணே. மஹல்லாவுக்கு ஒரு ஆளு போதும், நான் உள்ள இருக்கேன்ல. வேன் சாவிய ரஹ்மத்து தம்பிட்ட குடுக்கறேன், அவன் ஓட்டுவான்" என்றான்.

சொன்னான்தான். நான் மறைக்கவில்லை. ஆனால் பத்து நாள் இஃதிகாபை முழுதாக நிறைவேற்றுவான் என்று இவனை நம்பி மஹல்லாவை விட்டுப் போக முடியுமா? ரஹ்மத்தின் தம்பியைத் தேடுவதற்குள் நேரமும் ஆகும். "வண்டி ஓட்டத் தெரிந்தவன் நீ, நீயே போ" என்றேன். அவன் ஒரு கணம் நின்றான், பிறகு கோட்டைத் தாண்டிப் போனான். வெறுங்காலோடு.

நான் எடுத்த முடிவு சரியான முடிவு. போக வேண்டியவன் போனான், இருக்க வேண்டியவன் இருந்தேன்.

ஹஜ்ரத் இரவுத் தொழுகைக்கு முன் வந்து கேட்டார். "உயிருக்கு ஆபத்துன்னா வெளிய போறது கடமைங்க ஐயா. முறியும், ஆனா குத்தமில்ல. ஒரு நாள் களா செஞ்சாப் போதும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். எனக்குத் தெரியாத சட்டம் இல்லை. அவர் இந்த முறை சிரிக்கவில்லை.

ரமலான் 28, செவ்வாய்

இத்ரீஸ் இன்று மதியம் பள்ளிக்கு வந்தான். இரண்டு இரவு மருத்துவமனை வராந்தாவில் இருந்திருக்கிறான். மதுரையிலிருந்து என் மகள் தௌலத் வந்து சேரும்வரை ரஹ்மத்தும் கூடவே இருந்தாளாம். "சுகர் முப்பத்தெட்டுக்கு எறங்கிருச்சுண்ணே. நெத்தியில நாலு தையல். இப்பப் பேசுறாக. கிட்னியும் லேசா அடி வாங்கிருக்குன்னு சொல்றாக" என்றான்.

சபுரா என்னைப் பற்றி என்ன கேட்டாள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கல."

பிறகு தன் மூலையில் போய், முறிந்துபோன இஃதிகாபுக்கு எதற்கு இரண்டு தலையணை என்று ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, மற்றதில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். இவனைத் திட்டி எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

இன்று ஒரு ஜுஸ்உகூட முடிக்கவில்லை. ஓதிய வரியையே திரும்ப ஓதுகிறேன். கடைசிப் பத்தில் ஷைத்தான் இப்படித்தான் ஊசலாட்டம் காட்டுவான்.

ரமலான் 29, புதன்

பிறை தெரிந்துவிட்டது. மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளியை நிர்வகிக்கும் முத்தவல்லி எனக்குச் சால்வை போர்த்தினார். "மஹல்லாவக் காப்பாத்துன மனுசன். வீட்ல அவ்வளவு பெரிய சோதனை வந்தும் அசையல பாருங்க" என்று மைக்கில் சொன்னார். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கினார்கள். பதினொரு வருடத்தில் இவ்வளவு கூட்டம் என்னை வழியனுப்ப வந்ததில்லை. இத்ரீஸ் பின்னால் நின்று செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். அவன் பெயரை யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அடுப்படியில் ஊறப்போட்ட அரிசி புளித்து நாறிக் கிடந்தது. மூன்று நாள் ஆகிறது.

தௌலத் போனை எடுக்கவில்லை.

ஷவ்வால் 1, வியாழன், பெருநாள்

தொழுதுவிட்டு முதல் பஸ்ஸில் தேனிக்குப் போனேன். புதுச் சட்டை, அத்தர், கையில் ரஹ்மத் கொடுத்தனுப்பிய பிரியாணி. தௌலத் அறை வாசலில் இருந்தாள். "வாங்கத்தா" என்றாள், பெற்ற தகப்பனையல்ல, வேற்று வீட்டுப் பெரியவரைக் கூப்பிடுகிற மாதிரி. ஈத் முபாரக் சொல்லவில்லை.

சபுரா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கட்டு. கண்ணுக்குக் கீழே பச்சை பாய்ந்திருந்தது. இளைத்துப் போயிருந்தாள். இளைப்பு இந்த நான்கு நாளில் வந்ததாகத் தெரியவில்லை, நான்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

"இஃதிகாப் முழுசா முடிஞ்சுச்சாங்க?"

"முடிந்தது. உனக்காகத்தான் ரொம்ப துஆ கேட்டேன்."

"அல்ஹம்துலில்லா" என்றாள். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னாள். "விழுந்தப்ப எனக்கு நெனவு இருந்துச்சுங்க. கண்ணு தொறக்க முடியல, ஆனா கீத்தாத் தெரிஞ்சுது. உங்க காலு ரெண்டும் கோட்டுக்கு அங்கிட்டு நின்னுச்சு. பெறகு உங்க கையி வெளிய வந்துச்சு. என்னத்தான் புடிக்க வருதுன்னு நெனச்சேன். தூக்குச்சட்டிய நிமித்தி வச்சுட்டு உள்ள போயிருச்சு."

நடந்தது அதுதான். இருபத்தேழாம் நாள் குறிப்பில் நான் அதை எழுதவில்லை. கஞ்சி கொட்டிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டி அதை நிமிர்த்தினேன். கை வெளியே போனால் முறியாது என்று எனக்குத் தெரியும். அதே கையை இன்னும் ஒரு முழம் நீட்டியிருந்தால் அவள் தோள். அதுவும் முறிந்திருக்காது. ஏன் நீட்டவில்லை என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். தெருவில் ஆள் நின்றது. இஃதிகாபில் இருப்பவன் பெண்டாட்டியைத் தொடுகிறான் என்று பார்ப்பார்களே என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். அல்லாஹ்வின் பெயரே அந்தக் கணத்தில் என் நினைவில் இல்லை.

பிரியாணியை நர்சுகள் பிரித்துச் சாப்பிட்டார்கள். நான் தொடவில்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஷவ்வால் 3, சனி

இன்று சபுராவை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை நானே கேட்டுக்கொண்டேன். எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிட வேண்டும், வாழ்நாள் முழுக்க நோன்பு கூடாது. ஃபித்யா நான் கொடுத்துவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். ரஹ்மத்திடம் கேட்டுச் சமையலும் கொஞ்சம் கற்றுக்கொள்கிறேன் என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மருமகனின் கார் மதுரை நம்பரோடு நின்றது. தௌலத் பின்கதவைத் திறந்து தலையணை வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிந்தது. ஆனாலும் சபுராவை முன்னே போகவிடாமல் நின்றேன். ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோக்காரர்கள் பார்க்க, முப்பது வருடத்தில் சொல்லாததைச் சொன்னேன். "என்னை மன்னிச்சிரு சபுரா."

அவள் என் சட்டைக் காலரில் திரும்பியிருந்த மடிப்பைச் சரிசெய்தாள். பழக்கத்தில் கை போயிருக்க வேண்டும்.

"மன்னிக்கிறதுக்கு என்னாங்க, அன்னிக்கே மன்னிச்சுட்டேன். கூட வரத்தான் மனசு வரல."

கார் போய்விட்டது. பையில் அவள் மாத்திரைகள் என்னிடமே இருந்தன. ஓடினேன். சிக்னலில் பிடித்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். தௌலத் வாங்கிக்கொண்டாள். சபுரா கண்ணை மூடியிருந்தாள், தூங்கிவிட்டாளா என்று தெரியவில்லை.

ஷவ்வால் 4, ஞாயிறு

எழுத எதுவும் இல்லை.

ஷவ்வால் 8, வியாழன்

பெருநாளுக்குப் பிறகு ஆறு நோன்பு வைப்பது என் வழக்கம். இந்த வருடம் இன்னும் தொடங்கவில்லை. ஊரில் யாரும் கேட்கவும் இல்லை, நான் வைத்திருப்பேன் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பலசரக்குக் கடையில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வழி விடுகிறார்கள். இஃதிகாப் இருந்தவர் என்று ஒருவன் தன் சிறு பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து ஓதி ஊதச் சொன்னான். மறுத்துவிட்டேன். அதையும் பணிவு என்று எடுத்துக்கொண்டான்.

அஸருக்குப் பிறகு இத்ரீஸைப் பார்த்தேன். பள்ளியின் மறு மூலையில் தனியாக உட்கார்ந்து, முறிந்த ஒரு நாளுக்குக் களாவாக நோன்பு வைத்து இஃதிகாப் இருக்கிறான். எழுத்துக் கூட்டி ஓதிக்கொண்டிருந்தான். சலாம் சொன்னேன். நான் அவனுக்கு முதலில் சலாம் சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பக்கத்தில் உட்கார இடம் விட்டான்.

"மதினி எப்பிடி இருக்காகண்ணே?"

நன்றாக இருக்கிறாள், நடக்கிறாள், தௌலத்தின் மாமியார் பார்த்துக்கொள்கிறார் என்றேன்.

"எப்ப வர்றாக?"

பத்து நாளாகும் என்று சொன்னேன். பொய். முத்தவல்லியிடம் ஒரு வாரம் என்றும், ஹஜ்ரத்திடம் உடம்பு தேறியதும் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். மதுரைக்குத் தினமும் இரண்டு முறை போன் போடுகிறேன். மாத்திரை போட்டாளா, சாப்பிட்டாளா என்று கேட்கிறேன். தௌலத் பதில் சொல்கிறாள். போனை அம்மாவிடம் கொடு என்று இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. நேற்று தௌலத் தானாகவே சொன்னாள்: "அம்மா இங்கயே இருந்துக்கறேன்னு சொல்லிருச்சுத்தா."

சபுரா இனி வரமாட்டாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.